கியர் விழவில்லையா? கிளட்ச் பிடிக்காதது வேறு, விடாதது வேறு!

பழைய வண்டி வைத்திருப்பவர்களிடம் "வண்டி எப்படி இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். "நல்லாத்தான் ஓடுது, ஆனா..." என்று பதில் வரும். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் வரும் குறைகளில் பாதி கியரைப் பற்றியதாக இருக்கும். முதல் கியர் விழ மாட்டேன் என்கிறது, ரிவர்ஸ் போட்டால் கறகற என்று சத்தம், மூன்றாவது கியர் தானாகவே நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது... குறைகள் பலவிதம். ஆனால் பட்டறையில் கிடைக்கும் பதில் பல நேரங்களில் ஒன்றுதான். "கியர் பாக்ஸை இறக்கிப் பார்க்கணும்!"

இறக்கித்தான் ஆக வேண்டுமா? அதற்கு முன் வண்டிக்காரரே பார்க்கக்கூடியது ஏதாவது உண்டா? உண்டு. திண்டிவனத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவருக்கு ஏற்பட்ட அனுபவம் அதற்கு நல்ல உதாரணம்.

பொங்கலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை

ஆசிரியரின் மனைவிக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், விழுப்புரத்தில் டயாலிசிஸ். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் சுமார் 37 கிலோமீட்டர். பேருந்துக்குப் பஞ்சமில்லாத ஊர்தான். ஆனால் சிகிச்சை முடிந்து திரும்பும்போது அந்த அம்மாளால் பத்து நிமிடம்கூட நிற்க முடியாது. வாரம் இரண்டு முறை வாடகைக் கார் பிடிப்பதென்றால் பென்ஷன் தாங்காது. ஆகவே வீட்டில் இருக்கும் 1998-ஆம் வருடத்து வெள்ளை மாருதி 800-தான் அவர்களுக்கு எல்லாம்.

மாருதி 800 பற்றித் தெரியாதவர்கள் இருக்க முடியாது. 1983 டிசம்பரில் முதல் காரின் சாவியை அன்றைய பிரதமர் இந்திரா காந்தி கொடுத்ததில் தொடங்கி, 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும் வரை முப்பது வருடம் நடுத்தரக் குடும்பங்களின் கார் அது. புகை விதிகள் கடுமையானதால் சென்னை உட்பட 13 நகரங்களில் 2010 ஏப்ரலிலேயே விற்பனை நின்றுவிட்டது. 796 சி.சி. எஞ்சின், பெரும்பாலான வண்டிகளில் நான்கு கியர், கேபிளில் இயங்கும் கிளட்ச். அமைப்பு எளிமையானது என்பதால் இன்றும் கிராமத்துப் பட்டறையில்கூட வேலை பார்க்க முடிகிறது.

அந்த வெள்ளிக்கிழமை பொங்கலுக்குச் சொந்த ஊர் போகும் சென்னைக்காரர்கள் எல்லாரும் அதே சாலையில் இருந்தார்கள். விக்கிரவாண்டி சுங்கச்சாவடிக்கு வெகு முன்னாலேயே வண்டிகள் நின்று நின்று நகர்ந்தன. பத்தடி போவது, நிற்பது, மறுபடி முதல் கியர். இருபதாவது தடவையோ என்னவோ, கியர் விழவில்லை. கிளட்சை முழுக்க மிதித்து லீவரைத் தள்ளினால் கறகற என்று அரைக்கிறது. பின்னால் ஹாரன் சத்தம். எப்படியோ எஞ்சினை அணைத்து, கியரைப் போட்டு, கிளட்சை மிதித்தபடி சாவியைத் திருப்பினார். கிளட்ச் மிதித்திருந்தும் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி முன்னால் நகர்ந்தது. அப்படியே ஓரங்கட்டினார்.

அன்று சிகிச்சைக்கு ஒன்றரை மணி நேரம் தாமதம். மருத்துவமனையில் இடம் கிடைத்தது அதிர்ஷ்டம்தான்.

பட்டறையின் தீர்ப்பு

மறுநாள் பட்டறைக்கு எடுத்துப் போனார். அங்கிருந்தவர் வண்டியில் ஏறி இரண்டு முறை கியர் மாற்றிப் பார்த்தார். "கிளட்ச் போச்சு சார். கியர் பாக்ஸை இறக்கி பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூணும் மாத்தணும். உள்ளேயும் சத்தம் கேக்குது. திறந்தாத்தான் எதுவும் சொல்ல முடியும். பொங்கல் கழிச்சு விடுங்க, ஒரு வாரம் ஆகும்" என்றார். அவர் சொன்ன தொகை ஆசிரியரின் ஒரு மாத ஓய்வூதியத்தில் பாதிக்கு மேல்.

பணத்தைக் கூடப் புரட்டிவிடலாம். ஆனால் ஒரு வாரம் என்றால் இரண்டு சிகிச்சை நாட்கள். அதோடு இன்னொரு கணக்கும் மனதில் ஓடியது. பதினைந்து வருடம் கடந்த சொந்தக் காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆனது. இருபது வருடம் தாண்டிய கார்களுக்கு 2025-ல் அதுவும் 10,000 ரூபாயாக உயர்ந்தது. இத்தனையும் செலவழித்து இந்த வண்டியை வைத்திருக்க வேண்டுமா, பழைய விலைக்குத் தள்ளிவிடலாமா என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

பக்கத்துத் தெருவில் அவரைவிட ஐந்தாறு வயது மூத்தவர் ஒருவர் இருக்கிறார். அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அந்தக் கழகம் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் என்ற பெயரில் ஓடிய காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். ஆசிரியருக்கு அவர் 'அண்ணன்'. அவருக்கோ ஆசிரியர் எப்போதும் 'சார்'. தன் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் ஆயிற்றே!

விஷயத்தைக் கேட்ட அண்ணன் வண்டியைத் தொடவே இல்லை. திண்ணையில் உட்கார்ந்தபடி ஒரு கேள்விதான் கேட்டார்.

"சார், கிளட்ச் பிடிக்கலையா, விடலையா?"

ஆசிரியருக்குப் புரியவில்லை. "ரெண்டும் ஒண்ணுதானே அண்ணே?"

"இன்னா சார், நீங்களே இப்பிடி கேக்கறீங்க? பிடிக்காதது ஒரு நோய், விடாதது வேற நோய். ரெண்டுக்கும் ஒரே மருந்து குடுத்தா?"

முப்பது வருடம் வகுப்பில் திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தை நடத்தியவர் அவர். நோய் எது, அது எதனால் வந்தது, எதனால் தணியும் என்ற வரிசையை எத்தனையோ மாணவர்களுக்கு விளக்கியவர். தன் வண்டி என்று வந்ததும் நோயைக் கேட்காமலே மருந்துக்கு விலை பேசிவிட்டோமே என்று அப்போதுதான் உறைத்தது.

உள்ளே என்ன நடக்கிறது?

அண்ணன் கேட்ட கேள்வி புரிய வேண்டுமென்றால் கிளட்ச் செய்யும் வேலையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

எஞ்சின் ஓடும்போது அதன் பின்னால் இருக்கும் கனமான சக்கரம், அதாவது ஃப்ளைவீல், சுற்றிக்கொண்டே இருக்கும். அதன்மேல் கிளட்ச் பிளேட்டைப் பிரஷர் பிளேட் அழுத்திப் பிடித்திருக்கும். அப்போது எஞ்சினின் சுழற்சி கியர் பாக்ஸுக்குப் போகும். காலால் கிளட்சை மிதித்தால் கேபிள் ஒரு நெம்புகோலை இழுக்கும். அது ரிலீஸ் பேரிங்கைத் தள்ள, பிரஷர் பிளேட் பிடியை விடும். கிளட்ச் பிளேட் தனியாகிவிடும். கியர் பாக்ஸுக்கு எஞ்சினோடு தொடர்பு அறுந்துவிடும். அந்த நேரத்தில்தான் கியர் மாற்ற வேண்டும்.

இதில் இரண்டு விதமாகத் தவறு நடக்கலாம்.

ஒன்று, காலை எடுத்த பிறகும் பிளேட் சரியாகப் பிடிக்காமல் வழுக்குவது. ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் எஞ்சின் இரைகிறது, வேகம் ஏறவில்லை. மேட்டில் ஏறத் திணறுகிறது. தீய்ந்த வாடை வருகிறது. இது பெரும்பாலும் தேய்ந்த கிளட்ச் பிளேட்டின் அடையாளம். ஆனால் இந்த நோயில் கியர் நன்றாகவே விழும்!

இரண்டு, மிதித்த பிறகும் பிளேட் முழுதாக விடாமல் உரசிக்கொண்டே இருப்பது. எஞ்சின் கியர் பாக்ஸைக் கொஞ்சம் கொஞ்சம் சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றுகிற பல்லில் நிற்கிற பல்லைக் கோர்க்கப் போனால் அரைக்காமல் என்ன செய்யும்? முதல் கியரும் ரிவர்ஸும்தான் இதில் முதலில் மாட்டும். ஏனென்றால் அவை வண்டி நிற்கும்போது போடுகிற கியர்கள்.

ஓடும்போது மாற்றுகிற கியர்களில் இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. காரணம் சின்க்ரோ என்ற பித்தளை வளையம். இரண்டு பக்கமும் வேறு வேறு வேகத்தில் சுற்றும்போது இடையில் உரசி, வேகத்தைச் சமன் செய்து, பிறகு பற்களைக் கோர்க்க விடுவது அதன் வேலை. 1928-ல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் அறிமுகமானது. அதற்கு முன் கியர் மாற்றுவதே தனி வித்தை! மாருதி 800-ல் முன்னோக்கிப் போகும் கியர்களுக்குச் சின்க்ரோ உண்டு. ரிவர்ஸுக்குக் கிடையாது. அதனால்தான் கிளட்ச் கொஞ்சம் உரசினாலும் ரிவர்ஸ் கியர் உடனே கத்திக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ஆசிரியரின் மனைவி உள்ளேயிருந்து சொன்னார்: "ஏங்க, ஓடும்போது ஒண்ணும் இல்லையே. நின்னு கிளம்பும்போதுதானே கறகறங்குது? தீபாவளிக்கு முன்னாடியே நான் சொன்னேன்."

வாரம் நான்கு முறை பக்கத்து இருக்கையில் கண்ணை மூடிச் சாய்ந்தபடி வருபவர். ஓட்டுகிறவர் சாலையைக் கவனிக்கிறார், அவர் சத்தத்தைக் கவனித்திருக்கிறார். அண்ணன் சிரித்துவிட்டார். "பாதி வேலை முடிஞ்சிது சார். தங்கச்சி சொல்லிடுச்சு."

வாசலிலேயே செய்த சோதனைகள்

பிறகு வண்டிக்குப் போனார்கள். சமதளமான திறந்த இடம், ஹாண்ட் பிரேக், சக்கரத்துக்கு ஒரு கல். இவைதான் முதல் ஏற்பாடு. உங்கள் வண்டியில் செய்தாலும் இந்த மூன்றையும் மறக்கக் கூடாது. மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட விடவும் கூடாது.

முதலில் கால்மிதி. கிளட்ச் பெடலுக்கு அடியில் கிடந்த தடித்த ரப்பர் மிதியை அண்ணன் வெளியே இழுத்துப் போட்டார். மிதி சுருண்டு பெடலுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் பெடல் முழுதாக இறங்காது, கிளட்ச் முழுதாக விடாது. கியர் பாக்ஸை இறக்கும் அளவுக்குப் போன சில கேஸ்கள் இந்த மிதியால் வந்தவை என்றார். இங்கே மிதியை எடுத்த பிறகும் குறை அப்படியே இருந்தது.

இரண்டாவது, எஞ்சினை அணைத்துவிட்டுக் கியர் மாற்றிப் பார்ப்பது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ரிவர்ஸ். எல்லாம் வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது போல விழுந்தன. ரிவர்ஸ் மட்டும் ஒரு முறை அடம்பிடித்தது. வண்டியைக் கையால் அரை அடி தள்ளியதும் விழுந்துவிட்டது. பல்லும் பல்லும் நேருக்கு நேர் நின்றால் அப்படி ஆகும், அது குறையில்லை. இந்தச் சோதனை ஒன்றே ஏறக்குறைய எல்லாவற்றையும் சொல்லிவிடும். எஞ்சின் நின்றிருக்கும்போது கியர் சுலபமாக விழுந்து, ஓடும்போது விழவில்லை என்றால், சந்தேகம் கிளட்ச் விடுவதில். எஞ்சின் நின்றிருக்கும்போதே லீவர் இறுகி நின்றால், சந்தேகம் லீவரிலிருந்து கியர் பாக்ஸ் வரை போகும் கம்பிகளில், அவற்றின் புஷ்களில், அல்லது பாக்ஸுக்கு உள்ளே.

மூன்றாவது, ரிவர்ஸ் சோதனை. எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, நியூட்ரலில் வைத்து, கிளட்சை முழுக்க மிதித்து, நிதானமாக ஐந்து வரை எண்ணிவிட்டு ரிவர்ஸ் போட வேண்டும். கிளட்ச் சரியாக விட்டிருந்தால் அந்த ஐந்து விநாடிக்குள் உள்ளே சுற்றுவது நின்றுவிடும், சத்தம் வராது. எண்ணாமல் அவசரமாகப் போட்டால் நல்ல வண்டியும் ஒரு முறை கத்தும். ஆசிரியர் பத்து வரை எண்ணியும் அரைத்தது. கிளட்ச் விடவில்லை என்பது உறுதி.

நான்காவது, பிடிக்கிறதா என்று பார்ப்பது. ஹாண்ட் பிரேக்கை இறுக்கி, முன்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, டாப் கியரில் போட்டு, லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்துக் கிளட்சை மெதுவாக விட்டார். எஞ்சின் உடனே இருமி நின்றுவிட்டது. பிளேட் நன்றாகப் பிடிக்கிறது என்று அர்த்தம். வழுக்குகிற பிளேட்டாக இருந்தால் எஞ்சின் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். இதை ஒரு முறைக்கு மேல் செய்யக் கூடாது, நல்ல பிளேட்டையும் சுட்டுவிடும்.

ஆக, பட்டறையில் மாற்றச் சொன்ன பிளேட் நன்றாக இருக்கிறது! குறை எதிர்ப்பக்கத்தில்.

ஐந்தாவது, பெடலின் தளர்ச்சி. கையால் கிளட்ச் பெடலை அழுத்தினால் எதிர்ப்பு தொடங்கும் முன் கொஞ்ச தூரம் சும்மா இறங்கும். இதற்கு ஃப்ரீ பிளே என்று பெயர். அளவு வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் இருக்கும். இந்த மாதிரிச் சிறிய கார்களில் சுமார் இரண்டு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆசிரியரின் வண்டியில் அது நான்கு விரற்கடைக்கு மேல் இருந்தது. தரையைத் தொடும் நேரத்தில்தான் கிளட்சே வேலை செய்ய ஆரம்பித்தது.

இங்கேதான் ஒரு நுணுக்கம். கேபிள் கிளட்சில் பிளேட் தேயத் தேய இந்தத் தளர்ச்சி குறையும், பெடல் மேலேயே பிடிக்க ஆரம்பிக்கும். கேபிள் நீண்டாலோ, அதன் இழைகள் அறுந்துகொண்டு வந்தாலோ தளர்ச்சி கூடும், பெடல் தரையில் போய்ப் பிடிக்கும். ஒரே பெடல்தான். மேலே பிடித்தால் ஒரு கதை, கீழே பிடித்தால் வேறு கதை.

அண்ணன் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தார். கேபிளின் கடைசியில் அதை இறுக்கும் நட்டு, மரை முடிகிற இடத்தில் போய் நின்றிருந்தது. அதாவது, இதற்கு முன் யாரோ பலமுறை இறுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் 'கிளட்ச் அட்ஜஸ்ட்' என்று பில்லில் எழுதியிருந்தது ஆசிரியருக்கு ஞாபகம் வந்தது. ஏன் திரும்பத் திரும்ப அட்ஜஸ்ட் செய்ய வேண்டியிருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

கடைசியில் பெடலுக்கு மேலே, கேபிள் மாட்டியிருக்கும் கொக்கியில் விடை கிடைத்தது. கேபிளின் இழைகள் பெரும்பாலும் அறுந்து துடைப்பம் போல விரிந்து கிடந்தன. மிச்சமிருந்தது நாலைந்து இழைகள். தலையைச் சீட்டுக்கு அடியில் விட்டு, அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும்.

"இதை வெச்சிகினா விழுப்புரம் போய் வந்துகினு இருந்தீங்க?" என்று அண்ணன் கேட்டபோது ஆசிரியரிடம் பதில் இல்லை. நெடுஞ்சாலையில் கரும்பு டிராக்டர்களுக்கும் ஆம்னி பஸ்களுக்கும் நடுவில் அந்த நாலைந்து இழைகளும் அறுந்திருந்தால்? சிகிச்சை முடிந்து களைத்துப் போன மனைவி பக்கத்தில்.

கேபிளின் விலை சில நூறு ரூபாய். கடையில் வாங்கி வந்து மாட்டி, தளர்ச்சியைச் சரியாக வைத்து முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. முதல் கியர் விழுந்தது, ரிவர்ஸ் விழுந்தது, சத்தமே இல்லை. செவ்வாய்க்கிழமை வழக்கம் போல விழுப்புரம்.

அப்படியானால் பட்டறைக்காரர் ஏமாற்றினாரா?

அப்படி ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. "உள்ளேயும் சத்தம் கேக்குது" என்று அவர் சொன்னது உண்மை. கேபிள் மாற்றிய பிறகும் நான்காவதிலிருந்து மூன்றாவதுக்கு வேகமாக இறக்கினால் மட்டும் 'கிர்' என்று ஒரு சத்தம் இருக்கிறது. எல்லாக் கியரும் அரைத்தால் கிளட்ச், ஒரே ஒரு கியர் மட்டும் அரைத்தால் அந்தக் கியரின் சின்க்ரோ. இதற்கு நிஜமாகவே கியர் பாக்ஸைத் திறக்கத்தான் வேண்டும். பட்டறைக்காரர் இரண்டு தனித்தனிக் குறைகளை ஒரே மூட்டையாகக் கட்டி, பெரிய வேலையாகச் சொல்லிவிட்டார். வண்டிக்காரரும் பிரித்துக் கேட்கத் தெரியாமல் இருந்துவிட்டார்.

மூன்றாவது கியருக்கு அண்ணன் சொன்ன வைத்தியம் வேறு. அந்தக் காலத்துப் பேருந்துகள் பலவற்றில் சின்க்ரோ கிடையாது. ஓட்டுநர்கள் 'டபுள் கிளட்ச்' போட்டுத்தான் ஓட்டினார்கள். கிளட்ச் மிதித்து நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து, லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்து, மறுபடி கிளட்ச் மிதித்துக் கீழ்க் கியருக்கு இறக்குவது. சின்க்ரோ செய்ய வேண்டிய வேலையைக் காலே செய்துவிடுகிறது. கரும்பு டிராக்டருக்குப் பின்னால் மாட்டி வேகம் குறைக்கும்போது ஆசிரியர் இப்போது அப்படித்தான் மூன்றாவதுக்கு இறக்குகிறார். முதல் வாரம் தடுமாற்றம், பிறகு பழகிவிட்டது. பாக்ஸைத் திறக்கும் நாள் வரும். ஆனால் அது அவர் பணமும் நாளும் பார்த்து முடிவு செய்யும் நாளாக இருக்கும்.

மற்ற அறிகுறிகள்

எல்லா வண்டியிலும் கேபிள்தான் குற்றவாளி என்று நினைத்துவிடக் கூடாது. அண்ணன் சொன்ன இன்னும் சில அடையாளங்கள்:

லீவர் நியூட்ரலில் தொளதொள என்று ஆடி, எந்தக் கியரில் விழுகிறது என்றே தெரியாவிட்டால் பெரும்பாலும் புஷ் தேய்ந்திருக்கும். ஒருவர் லீவரை ஆட்ட, மற்றொருவர் அடியில் கம்பியைப் பார்த்தால் தெரிந்துவிடும். லீவர் நகர்ந்தும் கம்பி நகரத் தாமதித்தால் புஷ்தான். (ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. சர்வீஸ் பிட்டோ, உறுதியான ஸ்டாண்டோ அவசியம்.)

போட்ட கியர் தானாகவே நழுவி நியூட்ரலுக்கு வந்தால் முதலில் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்கைப் பார்க்க வேண்டும். அது கிழிந்திருந்தால் ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது எஞ்சின் அசைந்து கியரை இழுத்துவிடும். அது நன்றாக இருந்தால்தான் பாக்ஸின் உள்ளே சந்தேகப்பட வேண்டும்.

நியூட்ரலில் நிற்கும்போது கேட்கும் இரைச்சல் கிளட்சை மிதித்ததும் நின்றால் கியர் பாக்ஸின் உள்தண்டு பேரிங். மிதிக்கும்போதுதான் சத்தம் தொடங்குகிறது என்றால் ரிலீஸ் பேரிங். இந்த இரண்டுக்கும் பாக்ஸை இறக்கியாக வேண்டும்.

எல்லாக் கியரும் கனமாக விழுந்தால் கியர் ஆயிலின் அளவையும் தரத்தையும் பார்க்க வேண்டும். எஞ்சின் ஆயிலை மாற்றுகிறவர்கள்கூடக் கியர் ஆயிலை மறந்துவிடுகிறார்கள். வடித்த ஆயிலில் மாவு போல லேசாகப் பொடி இருந்தால் அது வயசு. விரலில் நெருடும் துண்டுகள் இருந்தால் அது வியாதி.

கேபிளுக்குப் பதில் ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள வண்டிகளில் திரவத்தின் அளவு, கசிவு, உள்ளே காற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு மூன்று முறை விட்டு விட்டு மிதித்த பிறகு கியர் விழுந்தால் குறை அங்கேதான்.

நடுவழியில் கேபிள் அறுந்தேவிட்டால்? எஞ்சினை அணைத்து, முதல் கியரில் போட்டு, சாவியைத் திருப்பினால் இந்த மாதிரிப் பழைய கார் ஸ்டார்ட்டர் மோட்டாரின் பலத்திலேயே நகர்ந்து கிளம்பிவிடும். ஆசிரியர் அன்று தெரியாமல் செய்தது அதைத்தான். ஆனால் அது ஓரத்துக்கு வருவதற்கு மட்டும். அப்படியே ஊர் போய்ச் சேர்வதற்கு அல்ல.

பழைய கேபிளை ஆசிரியர் தூக்கிப் போடவில்லை. டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் சுருட்டி வைத்திருக்கிறார். அதனோடு ஒரு புதிய கேபிளும் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு முறை சீட்டுக்கு அடியில் தலையை விட்டு டார்ச் அடித்துப் பார்ப்பது இப்போது அவர் வழக்கம். செவ்வாயும் வெள்ளியும் வண்டி கிளம்பும்போது அந்த அம்மாள் இன்னும் கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்கிறார். மூன்றாவது கியரில் எப்போதாவது 'கிர்' என்றால் "மெதுவாங்க" என்கிறார்.

அடுத்த முறை உங்கள் வண்டிக்குக் "கிளட்ச் போச்சு" என்று யாராவது சொன்னால் பணத்தை எண்ணுவதற்கு முன் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். பிடிக்கலையா, விடலையா? பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வண்டியை நம்பிக் கொடுக்கலாம்.